மெட்டா டேக் ஓர் அனுமதிப் பத்திரம்: பிரெஞ்சுப் பத்திரிகைகளும் கூகுளும்

2019 அக்டோபர் 24 அன்று பிரான்சில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்திரிகைச் செய்தியின் ஒரு பகுதியைத் தன் பக்கத்தில் காட்டும் தேடுபொறி, அந்தப் பத்திரிகையின் அனுமதியைப் பெற வேண்டும், அதற்கு உரிய ஊதியமும் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். நடந்தது நேர்மாறு. மிகப் பெரும்பாலான பத்திரிகைகள் ஒரு காசும் வாங்காமல் கூகுளுக்கு அனுமதி கொடுத்தன. அதுவும் சட்டம் வருவதற்கு முன்பு காட்டியதைவிடக் கூடுதலாகவே காட்டிக்கொள்ள இடம் தரும் அனுமதி.

இந்த அனுமதிக்காக யாரும் எதிரெதிரே அமர்ந்து பேசவில்லை. வலைப்பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணில் படாத இடத்தில், மெட்டா டேக் என்ற ஒற்றை வரியாக அது எழுதப்பட்டது.

தேடுபொறிக்காக ஒரு தளத்தைச் சீராக்குவது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை மெட்டா டேகைத் தரவரிசையில் மேலே ஏறும் வழியாகவே பேசுகின்றன. பிரெஞ்சு வழக்கைப் படித்த எவருக்கும் அந்தப் பார்வை போதாது என்று புரியும். என் எழுத்தை நீ எவ்வளவு எடுத்துக் காட்டலாம், எந்த அளவில் படம் போடலாம், எதைத் தொடக்கூடாது என்று தளத்தின் உரிமையாளர் சொல்லும் இடம் அது. தமிழில் தளம் நடத்துகிறவர்களில் பலர் அந்த வரியை ஒரு பிளக்இன்னின், அதாவது தளத்தோடு இணைக்கும் துணைநிரலின், பொறுப்பில் விட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. அதனால்தான் இந்த வழக்கை விரிவாக எழுதுகிறேன்.

வரியின் வேலை

தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களுக்குக் கட்டளை சொல்லும் 'ரோபோட்ஸ்' மெட்டா டேக் 1996-இல் உருவானது. இந்தப் பக்கத்தை அட்டவணையில் சேர்க்காதே என்பதற்கு 'நோஇண்டெக்ஸ்', இதிலுள்ள இணைப்புகளைப் பின்தொடராதே என்பதற்கு 'நோஃபாலோ' என்று அதன் சொற்கள் தொடங்கின. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு மூன்று வரித் துணுக்கைக் காட்டாதே என்பதற்கு 'நோஸ்னிப்பெட்' பின்னர் சேர்ந்தது.

குறை என்னவென்றால், இவை எல்லாமே ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே பதில்களைத்தான் ஏற்றன. துணுக்கு வேண்டும், ஆனால் நூறு எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இந்த நுணுக்கத்தைப் பதிப்பாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். தேடுபொறி எதை, எவ்வளவு பயன்படுத்தலாம் என்று விரிவாகச் சொல்வதற்காக ஏகேப் என்ற விதிமுறையை அவர்களே 2007-இல் வகுத்து வெளியிட்டார்கள். கூகுள் அதை ஏற்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் இறுதியில், கூகுள் தானாகவே மூன்று புதிய கட்டளைகளை அறிவித்தது. 'மேக்ஸ்-ஸ்னிப்பெட்' துணுக்கின் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும். பூஜ்ஜியம் என்று எழுதினால் துணுக்கே இராது. கழித்தல் ஒன்று என்று எழுதினால் வரம்பே இல்லை. 'மேக்ஸ்-இமேஜ்-பிரிவியூ' படத்தின் அளவுக்கானது. இல்லை, இயல்பு, பெரியது என்று மூன்று நிலைகள் அதற்கு உண்டு. 'மேக்ஸ்-வீடியோ-பிரிவியூ' காணொளியின் வினாடிகளுக்கானது. இவற்றோடு, பக்கத்தின் ஒரு குறிப்பிட்ட பத்தியை மட்டும் துணுக்கில் சேராமல் விலக்கி வைக்கும் 'டேட்டா-நோஸ்னிப்பெட்' என்ற பண்பும் வந்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இவை நல்ல கருவிகள். உலகம் முழுவதும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. இவை வந்த காலத்தில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது.

முன்பே நடந்த ஜெர்மன் பரிசோதனை

பிரெஞ்சுப் பதிப்பாளர்கள் ஏன் அவ்வளவு எளிதில் பணிந்தார்கள் என்று அறிய ஐந்து ஆண்டுகள் பின்னே போக வேண்டும். ஜெர்மனியில் இதே போன்ற ஒரு பத்திரிகை உரிமைச் சட்டம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. விஜி மீடியா என்ற உரிமை வசூல் அமைப்பின் கீழ்த் திரண்ட பதிப்பாளர்கள் கூகுளிடம் பணம் கேட்டார்கள். கூகுள் பணம் தர மறுத்து, 2014 அக்டோபரில் அந்தப் பதிப்பாளர்களின் துணுக்குகளையும் சிறுபடங்களையும் நீக்கப்போவதாகவும், வெறும் தலைப்பையும் இணைப்பையும் மட்டுமே காட்டப்போவதாகவும் சொன்னது. பலர் உடனே இலவச அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆக்செல் ஷ்ப்ரிங்கர் நிறுவனம் மட்டும், நாளிதழான 'வெல்ட்' உள்பட நான்கு தளங்களுக்கு அனுமதி தராமல் பொறுத்துப் பார்த்தது.

இரண்டு வாரம்தான். கூகுள் தேடல் வழியாக வந்த வருகை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்றும், கூகுள் நியூஸ் வழியாக வந்தது ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது என்றும் ஷ்ப்ரிங்கர் தானே அறிவித்து, நவம்பர் 5 அன்று பணிந்தது.

மெட்டா டேக் பற்றி நானறிந்த வலுவான சான்று இதுவே. பக்கத்தின் சுருக்கமாகத் தளமே ஒரு மெட்டா டேகில் எழுதித் தரும் விளக்கக்குறிப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பக்கத்தின் முக்கியச் சொற்களை அடுக்கும் 'கீவேர்ட்ஸ்' டேகையும் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று அதே அறிவிப்பில் சொன்னது. அதைக் கேட்டுப் பலர், அப்படியானால் விளக்கம் எழுதுவது வீண்வேலை என்று முடிவு கட்டினார்கள். ஷ்ப்ரிங்கரின் தலைப்புகள் முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. அவற்றின் கீழிருந்த சில வரிகளும் ஓரத்திலிருந்த சிறுபடமும்தான் போயின. அதற்கே இந்தச் சரிவு.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஷ்ப்ரிங்கர் துணுக்கில்லாமல் நின்றபோது போட்டிப் பத்திரிகைகள் துணுக்கோடு நின்றன. எல்லோருமே துணுக்கை மறுத்திருந்தால் வாசகர் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போயிருக்க மாட்டார். சரிவு வேறு அளவில் இருந்திருக்கும். துணுக்கையும் படத்தையும் எல்லாச் செய்தித் தளங்களுக்கும் சேர்த்தே குறைத்துப் பார்த்த தன் சோதனையின் முடிவைக் கூகுள் 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. செய்தித் தளங்களுக்குப் போன வருகை 45 சதவீதம் குறைந்தது என்றது. சட்டம் வரக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களே செய்து சொன்ன சோதனை அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் எதிரெதிர் அணியில் நின்ற இரு தரப்பும் ஒரே திசையைக் காட்டும் எண்களைத்தான் தந்தன.

மௌனத்தின் பொருள் மாறியது

ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஏப்ரலில் புதிய பதிப்புரிமை நெறியாணையை நிறைவேற்றியது. அதன் 15-ஆவது பிரிவு, பத்திரிகைப் பதிப்பாளர்களுக்கு இணையப் பயன்பாட்டின் மீது இரண்டு ஆண்டுக்கால உரிமையைத் தந்தது. வெறும் இணைப்புக்கும், தனிச்சொற்களுக்கும், மிகச் சிறிய பகுதிகளுக்கும் விலக்கு உண்டு. 'மிகச் சிறிய' என்பது எத்தனை எழுத்து என்று நெறியாணை சொல்லவில்லை. அதை உள்நாட்டுச் சட்டமாக்கிய முதல் நாடு பிரான்ஸ். 2019 ஜூலை 24 தேதியிட்ட அந்தச் சட்டம் மூன்று மாதங்களில் உயிர்பெற்றது.

கூகுளின் செப்டம்பர் அறிவிப்பு இந்த இடைவெளியில்தான் வந்தது. உலகின் மற்ற இடங்களில் ஒரு தளம் எந்த மெட்டா டேகும் எழுதாமல் விட்டால், கூகுள் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் அளவுக்குத் துணுக்கு காட்டும். மௌனம் சம்மதம். பிரான்சில், ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு மட்டும், கூகுள் இதைப் புரட்டிப் போட்டது. ஒன்றும் எழுதாவிட்டால் துணுக்கும் சிறுபடமும் காட்டப்பட மாட்டா. காட்ட வேண்டுமென்றால் பதிப்பாளரே மெட்டா டேக் எழுதி அனுமதிக்க வேண்டும். அனுமதிக்குப் பணம் கிடையாது.

கடைவாசலில் தொங்கும் நாளிதழ்ச் சுவரொட்டியை நினைத்துக்கொள்ளலாம். அதில் எந்தச் செய்தியின் எத்தனை சொல் வர வேண்டும் என்று பத்திரிகை அலுவலகம்தான் முடிவு செய்கிறது; படிப்பவர் காசு கொடுத்து இதழை வாங்குகிறார். இங்கே சுவரொட்டியின் வாசகத்தைக் கடைக்காரர் தேர்ந்தெடுக்கிறார், அந்தத் தெருவில் வேறு கடையும் இல்லை. 2019 இறுதியில் பிரான்சின் தேடல் சந்தையில் ஏறத்தாழ 90 சதவீதம் கூகுளிடம் இருந்தது.

மெட்டா டேகின் வடிவம் இந்த அறிவிப்பில் மாறவே இல்லை. முன்பு தளத்தைக் காக்கும் வேலியாக இருந்த அதே வரி, அன்றிலிருந்து இலவச உரிமம் வழங்கும் கருவியானது. இயல்புநிலையை யார் தீர்மானிக்கிறாரோ, வரியின் பொருளையும் அவர்தான் தீர்மானிக்கிறார். இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இது.

போட்டி ஆணையத்தின் தலையீடு

2019 நவம்பரில் பொதுச்செய்திப் பத்திரிகைகளின் கூட்டமைப்பும், பருவ இதழ்ப் பதிப்பாளர் சங்கமும், ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் பிரெஞ்சுப் போட்டி ஆணையத்திடம் போயின. ஆணையம் வருகைக் கணக்குகளைக் கேட்டுப் பெற்றது. ஆய்வுக்கு வந்த 32 பத்திரிகைகளில், வெளியிலிருந்து திருப்பிவிடப்படும் வருகையில் தேடுபொறிகளின் பங்கு 26 சதவீதம் முதல் 90 சதவீதம் வரை இருந்தது. அந்த நிலையில் 'வேண்டாம் என்றால் அனுமதிக்காமல் இருக்கலாமே' என்ற வாதத்துக்குப் பொருளில்லை என்பதை அந்தக் கணக்கே சொல்கிறது.

2020 ஏப்ரல் 9 அன்று ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது. கேட்கும் பதிப்பாளர்களோடு கூகுள் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். மூன்று மாதங்களுக்குள் பேச்சு நடக்க வேண்டும். ஊதியம் 2019 அக்டோபர் 24 முதல் கணக்கிடப்பட வேண்டும். பேச்சு நடக்கும் காலத்தில் அந்தப் பத்திரிகைகளின் அட்டவணைப்படுத்தலிலோ தரவரிசையிலோ காட்சியிலோ கைவைக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பணம் கேட்பவர் தேடல் பக்கத்தில் தண்டிக்கப்பட மாட்டார் என்று உறுதியானபோதுதான் அவருடைய மெட்டா டேக் உண்மையான தெரிவாக மாறுகிறது.

அக்டோபரில் பாரீஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைப் பெருமளவு உறுதி செய்தது. 2021 ஜூலையில், உத்தரவைக் கூகுள் உரியபடி பின்பற்றவில்லை என்று கூறி ஆணையம் 50 கோடி யூரோ அபராதம் விதித்தது. இரண்டு மாதங்களுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 9 லட்சம் யூரோ வரை கூடுதல் தண்டம் என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஏஎஃப்பியுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 ஜூனில் கூகுள் அளித்த உறுதிமொழிகளை ஆணையம் ஏற்றது. 2024 மார்ச்சில், அந்த உறுதிமொழிகள் சில மீறப்பட்டதாகச் சொல்லி மேலும் 25 கோடி யூரோ அபராதம் வந்தது.

ஜெர்மனியில் இரண்டு வாரத்தில் முடிந்துபோன எதிர்ப்பு, பிரான்சில் ஆண்டுக்கணக்கில் நீடித்துப் பலன் தந்ததற்குக் காரணம் பதிப்பாளர்களின் மன உறுதி மட்டுமல்ல. அவர்கள் மெட்டா டேகோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, மெட்டா டேகின் இயல்புநிலையை எழுதும் அதிகாரத்தைக் கேள்வி கேட்டார்கள்.

நம் தளத்தின் தலைப்பகுதி

ஊர்ச் செய்தித் தளமோ, சமையல் தளமோ, சிற்றிதழின் இணையப் பக்கமோ நடத்துகிறவர்களால் போட்டி ஆணையத்துக்குப் போக முடியாது. தங்கள் தளம் என்ன அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்க்க முடியும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து 'ரோபோட்ஸ்' என்று தேடினால் போதும்.

பல தளங்களில் அந்த வரி இரண்டு இடத்தில் இருக்கும். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புரு ஒன்று எழுதியிருக்கும், பிளக்இன் இன்னொன்று எழுதியிருக்கும். இரண்டும் முரண்பட்டால் கூகுள் கடுமையான கட்டளையையே ஏற்கும். ஒன்று வரம்பில்லை என்றும், மற்றது ஐம்பது எழுத்து என்றும் சொன்னால் ஐம்பதுதான். துணுக்கு ஏன் இப்படிக் குறுகிவிட்டது என்று விளங்காமல் தவிக்கும் தளங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அதே போல, எந்தப் பக்கங்களுக்குள் தேடுபொறி வரலாம் என்று சொல்லும் தனிக் கோப்பான 'ரோபோட்ஸ்' கோப்பில் ஒரு பக்கத்தைத் தேடுபொறி படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குள் 'நோஇண்டெக்ஸ்' எழுதி வைப்பதில் பயனில்லை. உள்ளே வரவே விடாத விருந்தாளிக்கு உள்ளறையில் அறிவிப்பு வைத்தால் அவர் எப்படிப் படிப்பார்? பிற தளங்களின் இணைப்புகள் வழியாக அந்த முகவரி தேடலில் தோன்றிக்கொண்டே இருக்கலாம்.

படத்துக்கான கட்டளை செய்தித் தளங்களுக்கு மிகுந்த பலன் தரும். வாசகர் தேடாமலே கைப்பேசியில் செய்திகளைப் பரிந்துரைக்கும் கூகுள் டிஸ்கவரில் பெரிய படம் வர வேண்டுமானால் படம் குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும்; 'மேக்ஸ்-இமேஜ்-பிரிவியூ' பெரியது என்றும் இருக்க வேண்டும். பல தளங்களை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2021 மார்ச்சில் வந்த 5.7 பதிப்பு முதல் இதைத் தானாகவே எழுதிவிடுகிறது. செய்திப் படத்துக்கு இது நல்லது. புகைப்படத்தையே விற்றுப் பிழைக்கும் கலைஞரின் தளத்தில் இதே இயல்புநிலை அப்படியே இருக்க வேண்டுமா என்று ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

விளக்கக்குறிப்பு விஷயத்தில் தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கூகுள் துணுக்கை எழுத்து எண்ணி வெட்டுவதில்லை. திரையில் கிடைக்கும் அகலத்தைப் பொறுத்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. நீளம் சரி என்று பிளக்இன் காட்டும் பச்சை விளக்கை நம்ப முடியாது; 'கொ' என்ற ஓரெழுத்து கணினிக்குள் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால் அதன் கணக்கே நம் கணக்கோடு பொருந்தாது. இதைவிடப் பெரிய ஆபத்து, தமிழில் வினை கடைசியில் வருவது. 'சம்பா பருவத்துக்கான பயிர்க்காப்பீடு செய்ய விவசாயிகளுக்குக் கொடுத்திருந்த காலக்கெடு மேலும் நீட்டிக்கப்படவில்லை' என்று ஒரு விளக்கம் எழுதினால், கைப்பேசியில் வெட்டுப்படும் இடம் அந்த 'இல்லை'யாக இருக்கக்கூடும். படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். 'காலக்கெடு நீட்டிப்பு இல்லை' என்று முதல் வாக்கியத்தை மூன்று சொல்லில் முடித்துவிட்டு, விவரத்தை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுவதே சரி. தேடிய சொல்லைப் பொறுத்துக் கூகுள் விளக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே வரிகளை எடுப்பதும் உண்டு. ஆகவே செய்தியின் முதல் பத்தியையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும்.

'டேட்டா-நோஸ்னிப்பெட்' தமிழ்த் தளங்களில் நான் அரிதாகவே பார்க்கும் கருவி. தொடர்கதையின் முடிவு, திரை விமர்சனத்தில் கதையை உடைக்கும் பத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் அறிவிப்பு வாசகம் போன்றவற்றைத் துணுக்கில் சேராமல் ஒதுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டுரையின் முழு உரையையும் தேடுபொறி படிப்பதற்கென்றே தனி வடிவில் எழுதும் கட்டமைக்கப்பட்ட தரவாகவும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அது தனியாக வழங்கிய அனுமதியாகக் கொள்ளப்படும். 'மேக்ஸ்-ஸ்னிப்பெட்' வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது.

இன்னும் பிரியாத இரண்டு அனுமதிகள்

2024-இன் அபராதத்தில் ஒரு புதிய விஷயம் இருந்தது. 'பார்ட்' என்று அப்போது பெயர் கொண்டிருந்த தன் செயற்கை நுண்ணறிவுச் சேவையைப் பயிற்றுவிக்கப் பத்திரிகைகளின் உள்ளடக்கத்தைக் கூகுள் பயன்படுத்தியது. அதைப் பதிப்பாளர்களுக்கும் ஆணையத்துக்கும் தெரிவிக்கவில்லை. பயிற்சிக்கு வேண்டாம், தேடலில் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லும் தொழில்நுட்ப வழியே 2023 செப்டம்பர் 28 வரை இல்லை என்றும் ஆணையம் குறிப்பிட்டது. அன்று அறிவிக்கப்பட்ட 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்ற கட்டளை மெட்டா டேக் அல்ல. 'ரோபோட்ஸ்' கோப்பில் எழுதப்படுவது. ஜெமினி என்ற கூகுளின் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் பயிற்சியிலிருந்து ஒரு தளம் விலக அது உதவுகிறது.

தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுத் தொகுப்புரைக்கு அது பொருந்தாது. அதைக் கட்டுப்படுத்த நோஸ்னிப்பெட், டேட்டா-நோஸ்னிப்பெட், மேக்ஸ்-ஸ்னிப்பெட், நோஇண்டெக்ஸ் ஆகியவற்றையே பயன்படுத்தச் சொல்கிறது கூகுளின் ஆவணம். தொகுப்புரையில் என் எழுத்து வேண்டாம் என்று 'நோஸ்னிப்பெட்' எழுதுகிறவர், தன் இணைப்புக்குக் கீழே வரும் சாதாரணத் துணுக்கையும் சேர்த்தே இழக்கிறார். அந்தத் துணுக்கின் மதிப்பு என்ன என்று 'வெல்ட்' நாளிதழ் 2014-இல் அளந்து காட்டிவிட்டது.

ஆகவே முழுத் தளத்துக்கும் ஒரே கட்டளையைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்றாடச் செய்திக்கும் அறிவிப்புகளுக்கும் வரம்பில்லாத துணுக்கும் பெரிய படமும் இருக்கட்டும். அவை பரவுவதில்தான் பயன். பல மாத உழைப்பில் உருவான புலனாய்வுக் கட்டுரையிலோ, நீங்களே சமைத்துப் பார்த்துத் திருத்திய செய்முறையிலோ, வேறெங்கும் கிடைக்காத தகவல் இருக்கும் பத்திகளை மட்டும் டேட்டா-நோஸ்னிப்பெட்டுக்குள் வைத்து, ஆர்வத்தைத் தூண்டும் முதல் பத்தியைத் திறந்து விடுங்கள். மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரங்கள், தேடல் வருகையைத் தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கங்களின் தோற்ற எண்ணிக்கையையும் சொடுக்கு விகிதத்தையும் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகே அடுத்த தொகுப்புப் பக்கங்களில் கை வையுங்கள்.